அட்டைப்பெட்டி அக்கா

ஜூன் 3, செவ்வாய்

பழைய பேப்பர் கடைக்காரர் எனக்காக ஒரு பெட்டி எடுத்து வைத்திருந்தார். ஏதோ மருத்துவச் சாமான் வந்த பெட்டி, நல்ல கெட்டி அட்டை. "படமெல்லாம் விக்குதாம்மா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். நான் வரைவதை யார் பார்க்கிறார்கள்? பிளாஸ்டிக் இல்லாமல் பார்சல் கட்டும் வீடியோவைத்தான் பார்க்கிறார்கள். பழந்துணிச் சுற்று, மூலைக்கு மடித்த அட்டை, மைதாப் பசை. அங்கே எனக்கு அட்டைப்பெட்டி அக்கா என்று பெயர். மெனக்கெட்டு ஓவியம் படித்தது இதற்குத்தான் போல.

ஜூன் 5, வியாழன்

கண்காட்சிக்கு என் ஜன்னல்கள் படம் கிளம்பிவிட்டது. பதினான்காம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவையும் கண்காட்சியில் எடுத்துக்கொள்ளாவிட்டால், அண்ணன் பார்த்து வைத்திருக்கும் கிடங்கு ஆபீஸ் வேலைக்குப் போகிறேன் என்று அண்ணியிடம் வாயை விட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக அவர்கள் மாடி அறையை அடைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலை வெளிச்சத்தில் படத்தைப் போட்டோ எடு, சொந்தமாக இரண்டு வரி எழுது, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போடு. ஊருக்கெல்லாம் நான் சொல்லும் குறிப்புகள். இன்று என் இன்னொரு படத்துக்கு நானே செய்தேன். ஒரே ஒரு கேள்வி வந்தது: "அக்கா, பசைல உப்பு போடணுமா?"

ஜூன் 16, திங்கள்

படம் போய்ச் சேரவில்லை. கண்காட்சிக்காரர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கூரியர் ஆபீஸில், "டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுதே மேடம்" என்கிறார்கள். எங்கேய்யா ஆச்சு? யாருக்குக் குடுத்தீங்க? கேட்டால் அதே பதில். கத்திவிட்டு வந்தேன். அண்ணி சோறு போட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

பார்சல் கட்டும்போது எடுத்த வீடியோவை மறுபடி பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம் பழைய முகவரிச் சீட்டு அப்படியே இருக்கிறது. பெட்டியைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடியுங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அட்டை கெட்டி, எனக்குச் சோம்பல். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். முகவரி இதே ஊரில்தான், ஒரு டயாலிசிஸ் மையம்.

ஜூன் 18, புதன்

போனேன். படம் அங்கே சுவரில் மாட்டியிருந்தது.

நர்ஸ் சங்கடப்பட்டார். "மழைல நனைஞ்சு வந்துச்சு. மேல ஒட்டின சீட்டு எதுவும் இல்ல, பின்னாடி எங்க முகவரிதான் இருந்துச்சு. யாரோ அன்பளிப்பா அனுப்பிருக்காங்கன்னு நினைச்சோம்." ஆக, மழையில் கரைந்த என் மைதாப் பசையும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்திருக்கிறது. நல்லவேளை, துணிச்சுற்று படத்தைக் காப்பாற்றியிருந்தது.

கழற்றித் தரச் சொல்ல வாயெடுத்தேன். எதிரே நான்கு படுக்கைகள். நான்கு பேர் கையில் குழாயோடு படுத்திருந்தார்கள். ஓரத்துப் படுக்கைப் பெரியவர், "வரைஞ்சது நீங்களாம்மா?" என்றார். "மூணாவது ஜன்னல்ல உக்காந்திருக்கிறது பூனைதானே?"

பக்கத்துப் படுக்கை அம்மா விடவில்லை. "பூனையாம் பூனை. அது சுருட்டி வெச்ச துணி. போன வாரத்துலேருந்து இதே பேச்சுங்க."

அது பூனையும் இல்லை, துணியும் இல்லை. சாயம் சொட்டிய இடம், சரிசெய்ய முடியாமல் விட்டது. இதுவரை யாரும் அதைக் கவனித்ததில்லை. கவனிக்கும் அளவுக்கு யாரும் நின்றதே இல்லை. நான் பதில் சொல்வதற்குள் பெரியவரே கையமர்த்தினார்.

"சொல்லிடாதீங்க. இன்னும் பாத்து முடிக்கல."

கழற்றாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அண்ணனிடம் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

கிடங்கு ஆபீஸ். வரும் சரக்கு, போகும் சரக்கு, நாள் முழுக்க நின்றபடி. சாயந்திரம் முதுகு நிமிர மறுக்கிறது. வீடியோ போட்டு நாளாயிற்று, யாரும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரைகிறேன். மையத்தின் எதிர்ச் சுவருக்கு ஒரு மொட்டை மாடி, கொடியில் துணிகள். நேற்று நர்ஸ் போன் செய்தார். ஓரத்துப் படுக்கைப் பெரியவர் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார்: "சின்னச் சின்னதா நிறைய போடச் சொல்லுங்க. எங்களுக்குப் பாக்க ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இருக்கு."

காலையிலிருந்து, கொடியில் காயும் சட்டைகளுக்கு ஒவ்வொன்றாகப் பொத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.