பச்சை பெயின்ட் கம்பி

என் அண்ணன் பெற்ற செல்லத்துக்கு,

ஆண்டவனை வேண்டிக்கொண்டு அத்தை எழுதுவது. நீ சுகமா? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மூன்று தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. உன் கூட்டாளி நாளைக்கு அங்கே வருகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, அவர் கல்வேலை பார்க்கிற பழைய கோர்ட்டுக்குப் போனேன். சாரத்துக்குக் கீழே நின்று அவரைக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், டமால்! வாசலுக்கு மேலே வரிசையாகப் பூச்செதுக்கிய கல் இருக்குமே, அதில் ஒன்று பிளந்து படியில் விழுந்தது. பெருக்குகிற அம்மா அப்போதுதான் தண்ணீர் பிடிக்க உள்ளே போயிருந்தாள். அவள் துடைப்பம் இரண்டு துண்டு. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எங்கே போட்டேன் என்றே தெரியாது.

கல்லுக்குள் துருவேறி வீங்கிப்போய் ஒரு கம்பி. "யாருய்யா கல்லுக்குள்ள வெறும் இரும்பை வெச்சது?" என்று இன்ஜினியர் கத்தினார். அதன் முனையில் துளி பச்சை பெயின்ட். நம் சமையலறை ஜன்னல் பச்சைதானே, கண்ணு.

ஆறு வருஷம் முன்னால், மாமாவிடம் இதே கோர்ட்டில் வேலை பழகிக்கொண்டிருந்த நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய். கல்லைச் சுவரோடு பிணைக்கிற துருப்பிடிக்காத கம்பி தீர்ந்துவிட்டது, மாமா வெளியூரில் இருக்கிறார், இன்றைக்கே கல்லைப் பொருத்தியாக வேண்டும் என்றாய். கழற்றிப் போட்டிருந்த ஜன்னல் கம்பியைத் துடைத்துக் கொடுத்தவள் நான்தான். "உள்ள போனா யாருக்குத் தெரியப் போகுது அத்தை" என்று நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி. துரு வீங்கினால் கல்லையே பிளந்துவிடும் என்று மாமா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். என் காதில் ஏறினால்தானே!

மாமாவும் அந்தப் பச்சையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சார் வெச்சேன்" என்றார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரு பொய் கேட்டதில்லை.

விசாரணை முடியும்வரை அவர் சாரத்தில் ஏறக்கூடாதாம். உளிகளைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டார். நான் ஏன் என்று கேட்டால், "அவன் இப்பத்தான் தலையெடுக்கறான். உன் ஓட்டை வாயைக் கொஞ்சம் மூடு" என்கிறார். மூடித்தான் வைத்திருந்தேன், நேற்றுவரை.

நேற்று பிரார்த்தனையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் உனக்குக் கொடுத்தது இரண்டு கம்பி. மாமாவிடம் சொன்னேன், அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் வைத்ததாகச் சொன்னாரே, இன்னொன்று எந்தக் கல்லில் என்று கேட்டால் என்ன சொல்வார்? வாசலை அடைத்துக் கயிறு கட்ட வைத்துவிட்டோம். ஆனால் கட்டடம் வாசலோடு முடிந்துவிடவில்லையே.

உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை, சாமி. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இன்னொரு கம்பி எந்தக் கல்லில் இருக்கிறது என்று மட்டும் சொல். என்னிடம் வேண்டாம், இன்ஜினியரிடமே சொல். இந்தக் கடிதத்தை மடித்து வைக்கிறதுக்கு முன்னாலேயே அவருக்குப் போன் போட்டுப் பேசு.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அத்தை