சம்பளச் சன்னல்

அம்மாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது செருப்புதான். இந்தச் சலவைக்கூடத்தில் எங்களோடு வேலை செய்யும் வேறு நாட்டுப் பெண்கள் எல்லோரும் தடித்த அடி வைத்த புதுக் காலணி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரத்தரையில் வழுக்குகிறோம். வேலையும் சம்பளமும் எல்லோருக்கும் ஒன்றுதான். நான் இன்னும் விழவில்லை, பயப்படாதே. உன் முழங்கால் வலி தேவலையா?

மாமாவிடம் கேட்டேன். "அவளுங்க ஊதாரிங்க. நாம சிக்கனமான ஜனம்" என்றார், புது ஜாக்கெட்டைத் தடவிக்கொண்டே.

அந்த வேறு நாட்டுப் பெண்களில் இஸ்திரி போடும் அக்கா ஒருத்தி அதைக் கேட்டுச் சிரித்தாள். அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "எங்க சம்பளம் எங்க கை. உங்க சம்பளம் மாமா கை. உனக்குக் கை இல்லே?"

நம் பெண்களின் சம்பளத்தை மாமாதான் மொத்தமாக வாங்குகிறார். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோக மிச்சம் தருகிறார். அந்த அக்காவுக்கும் இதே விடுதி, இதே சாப்பாடு. இரண்டும் கம்பெனியில் இலவசமாம். உன் தம்பி சோறு போடுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லாதே அம்மா. என் சோற்றை எனக்கே விற்கிறார்.

யாராவது வந்தால் உன் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. மாமாவிடம் கொடுக்காதே.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். நேற்று ஆபீஸ் சன்னலில் சம்பளம் கொடுத்தார்கள். நானும் போனேன். சன்னலருகே மாமா, "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல? ரூமுக்குப் போ" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அந்த அக்காவுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றேன்.