இடது கண்ணுக்கு ஒரு சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலைச் சீட்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளோடு உட்கார்ந்திருக்கும் பெண். நாத்தனார் குறி பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டோடு தந்த சின்னப் புத்தகத்தில், ‘முடிவைத் தள்ளிப்போடுகிறாய், எதைப் பார்க்க மறுக்கிறாய் என்று யோசி’ என்று இருக்கிறது. யோசிக்கவில்லை. கட்டுக்குள் செருகிவிட்டு வேறொன்று எடுத்தேன். பத்துக் கோப்பை. குடும்ப மகிழ்ச்சி. அதை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 5

சரி, எழுதிவிடுகிறேன். நேற்று முன்தினம் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குக் கட்டம் போட்ட தாளைக் காட்டினேன். கோடு வளைந்து தெரிந்தால் கண்ணுக்குள் கோளாறு. அவருக்கு எல்லாம் நேர். அவர் போனதும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நானே பார்த்தேன். நடுவில் கோடுகள் நெளிந்தன. ஓரிடத்தில் கோடே இல்லை.

பதினாறு வருடமாக எல்லோரிடமும் ‘தள்ளிப்போடாதீங்க’ என்று சொல்லும் வாய் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 7

அம்மாவுக்குப் பார்வை போய், கடைசி நான்கு வருடம் என் முகம் தெரியாது. எனக்கும் அதுதானா? கடையில் தெரிந்தால் கண் பரிசோதிக்கும் நாற்காலி பக்கம் என்னை விடுவார்களா?

மார்ச் 8

ஒரே கேள்விக்கு மூன்று சீட்டு எடுத்தேன். நாத்தனார் பார்த்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை என்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், எதையும் மறைக்க முடியாது.

“அண்ணி, பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் எடுத்தா அதுக்குப் பேரு சீட்டு பாக்கறது இல்ல, பேரம் பேசறது.”

சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 10

டாக்டர் நம்பரை மூன்று தடவை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 12

இன்று எனக்கு நானே ஒரு பந்தயம். நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு சீட்டு. இடது கண்ணாலேயே இன்ன சீட்டு என்று தெரிந்துவிட்டால் டாக்டர் வேண்டாம்.

மேலே மஞ்சள் வட்டம், சுற்றிலும் கதிர். சூரியன். கட்டு முழுவதிலும் நல்ல சீட்டு அதுதான். நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. நாத்தனார் டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“நிலாவா வந்திருக்கு? அதுக்கு ஏன் அழறீங்க?”

கையை எடுத்தேன். நிலாதான். கீழே ஒரு நாயும் ஓநாயும் அண்ணாந்து ஊளையிடுகின்றன. அவை எனக்குத் தெரியவே இல்லை. நிலாவுக்குப் போய் கதிர் வரைந்து தொலைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — கோடு வளைவது, அம்மா, வேலை, எல்லாம். அவள் சீட்டைக் கட்டுக்குள் செருகினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

மார்ச் 13

விழித்திரையின் நடுவில் ஓட்டை. “ஆபரேஷன் பண்ணிடலாம். பார்வை முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

மார்ச் 22

ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். கண்ணுக்குள் வைத்த வாயுக் குமிழி ஓட்டையை அழுத்தி மூட, கவிழ்ந்தே கிடக்க வேண்டுமாம். நோட்டைத் தரையில் வைத்து எழுதுகிறேன். என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக நாத்தனார் வெறும் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறாள். பயம் போகவில்லை. ஆனால் தனியாக இல்லை.

மே 6

ஓட்டை மூடிவிட்டது. பார்வை பாதிக்கு மேல் வந்திருக்கிறது, மீதி வராது. முதலாளியிடம் நேற்று நானே சொன்னேன். நாற்காலி புதிதாக வந்த பெண்ணுக்குப் போய்விட்டது. இனி நான் ஃபிரேம் விற்கும் பக்கம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்று காலையில் நாத்தனார் சீட்டுக் கட்டை நீட்டினாள்.

“இன்னிக்கு?”

“நீ எடுத்துக்கோ.”

ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். என்ன சீட்டு என்று நான் கேட்கவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது.