இன்று அப்பாவைத் தெரியாது என்றேன்

டுசல்டோர்ஃப், 14 நவம்பர் 2006, செவ்வாய்

நவீன ஜப்பானிய நாவல்கள் பற்றிய என் முனைவர் ஆய்வுத் திட்டத்தை இன்று ஏற்றுக்கொண்டார்கள். டோக்கியோவிலிருந்து வந்திருந்த பேராசிரியைக்கு விருந்தளிக்க, என் மேற்பார்வையாளர் எங்களை ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துப்போனார். வாசலில்தான் கவனித்தேன், அது அப்பா பதினான்கு வருடங்களாகக் கோப்பை கழுவும் கடை. அவர் சமையலறைக்குள்தானே இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தட்டுகளை எடுக்க அப்பாவே வந்தார். முன்னங்கி நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பேராசிரியை நன்றி சொல்ல, அப்பா ஜப்பானிய மொழியிலேயே பதில் சொன்னார். பேராசிரியை வியந்துபோய் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று அதே மொழியில் கேட்டார்.

"இல்லை" என்றேன். வெட்கம். வேறு காரணம் இல்லை.

அந்தச் சொல் அப்பாவுக்கு விளங்கும். தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு நான் அரை மணி நேரம் என் ஆய்வைப் பற்றிப் பேசினேன்.

இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா, நான்..."

"நீ சொன்னது சரி பிள்ளை. வேலை நேரத்தில ஆக்களோட கதைச்சா முதலாளி ஏசுவார். அந்த அம்மா உன்ர ஆராய்ச்சியைப் பற்றி என்ன சொன்னவா?"

"நல்லதெண்டு சொன்னவா."

"ஓம். கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டனான். நல்லாக் கதைச்சாய்."

படுக்கப் போய்விட்டார். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.