சாமியானவர்களின் இதயம்

6 ஜூலை 2025, ஞாயிறு, காலை 7.20. மரபணுச் சோதனைக்காக நேற்றே போன் போட்டுக் கேட்டது பதினொரு சொந்தக்காரர்களிடம். ரத்தம் தரப்போவது மூன்றே பேர்: நான், அம்மா, தங்கை சண்முகப்ரியா.

அண்ணன் துரைப்பாண்டி செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. முப்பத்தொரு வயது. உரக்கடை ஷட்டரைத் தூக்கினான், விழுந்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பு மயங்கியபோது மதுரையில் எக்கோ ஸ்கேன் பார்த்து, இதயத் தசை தடித்திருக்கிறது என்றார்கள். இதய நோய் மரபணு ஆராய்ச்சி ஒன்றுக்கு ரத்தமும் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட் நேற்றுதான் வந்தது. செத்தவன் பெயருக்கு. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். ‘விளைவு உறுதியில்லை. உறவினர் ரத்தமும் தேவை.’

உறுதியில்லை என்றால் என்ன அர்த்தம்? இசிஜி மெஷின் சர்வீஸுக்குப் போய் நான் இப்படி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

8 ஜூலை

ஆராய்ச்சியில் ஆலோசகராக இருக்கும் சுகிர்தா மேடத்திடம் போனில் சண்டை போட்டேன். அவர் கத்தவில்லை. “நாங்க ஒப்பிட்டுப் பாக்கற மரபணுவெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாக்காரங்களோடது தம்பி. உங்க அண்ணனோட மாற்றம் அதுல இல்ல. அது நோயா, இல்ல உங்க ஊர்ப்பக்கம் பத்துப் பேருக்கு சும்மாவே இருக்கறதான்னு எப்படிச் சொல்ல? அதான் உங்க அம்மா வழி, அப்பா வழி ஆளுங்க வேணும்.”

பிறகு கேட்டார்: “குடும்பத்துல வேற யாரும் சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?”

அம்மாவைக் கேட்டேன். யாருமில்லை என்றாள். அண்ணனும் மதுரையில் அவளைக் கேட்டுத்தான் இல்லை என்று சொன்னானாம்.

19 ஜூலை

குருவிகுளம் பக்கம் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் மகன் இசக்கித்துரைக்குத்தான் பிரியாவைப் பேசியிருக்கிறது, ஆவணியில் கல்யாணம். ரத்தம் கலப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டாமா?

“ஏலே மருமவனே, பரிசம் போட்ட வீட்டுல வந்து ஊசிய நீட்டுதியே, கூறு இருக்கால ஒனக்கு?” என்றார் மாமா.

இசக்கித்துரை சிரித்தான். “கிடாயத் தோள்ல போட்டுக்கிட்டு கம்மாயச் சுத்தி வருதேன் மச்சான். எனக்கா ஹார்ட்டு? வேணும்னா கிடாய்க்கு எடுத்துட்டுப் போங்க.”

“அண்ணனும் மூட்டை தூக்குனவன்தான்,” என்றேன்.

அத்தை என் முன்னாலிருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் குடிக்கவில்லை.

20 ஜூலை

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இல்லை — சொல்லத்தான் வேண்டும்.

15 ஆகஸ்ட், ஆடிக் கடைசி வெள்ளி

மாமா வீட்டில் வீட்டுச் சாமிக்குப் படையல். சண்டை என்றாலும் இதற்குப் போகாமல் இருக்க முடியாது. ஆயுசு முடியாமல் போனவர்களை வீட்டுச் சாமியாகக் கும்பிடுகிற குடும்பம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆளுக்கு ஓர் இலை, ஆளுக்கு ஒரு வேட்டி, கன்னிக்குப் பாவாடை.

இன்றைக்கு இலைகளை எண்ணினேன். ஐந்து.

அம்மாவின் அப்பா, களத்துமேட்டில், நாற்பது வயது. அவருடைய அண்ணன், கிணற்றடியில். தாத்தாவின் தங்கை, தண்ணீர்க் குடத்தோடு, பதினாலு. மாமாவின் அண்ணன். மாமாவின் தம்பி. எல்லாருமே ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள். எல்லாருமே விழுந்தவர்கள்.

“நான் ஒன்ட்ட கேட்டேன்லா, யாரும் திடீர்னு போயிருக்காவளான்னு?”

அம்மா சாதம் வைத்துக்கொண்டே சொன்னாள்: “நீ நோயில போனவியளத்தான கேட்ட? இவிய எல்லாம் உச்சிப்பொழுதுல முனி அடிச்சுப் போனவியல்லா.”

பொய் சொல்லவில்லை. சாமியைப் போய் யார் நோயாளிக் கணக்கில் சேர்ப்பார்கள்? எனக்கே தோன்றவில்லையே. கற்பூரம் காட்டுகிற இடத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன் — இது முனி இல்லை, இதயம். அடுத்தது இங்கே நிற்கிற யாராவது.

மாமா மணியைக் கீழே வைத்தார். “எங்க சாமிய ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதாதல. எந்திரிச்சுப் போ.”

இசக்கித்துரை இந்த முறை சிரிக்கவில்லை.

16 ஆகஸ்ட்

ஆராய்ச்சியில் யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரி வாசலுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவன். எங்கள் ஆட்கள் வந்து சேரவில்லை. பிரேதப் பரிசோதனை இல்லை, அன்றைக்கே அடக்கம், மறு வருஷம் இலை. நம்மைக் கணக்கில் விட்டது ஐரோப்பாக்காரன் மட்டும் இல்லை. நாமும்தான் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்து பேரையும் வயதோடு சுகிர்தா மேடத்துக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “பிரியாவுக்கு உடனே எக்கோ எடுங்க. தள்ளிப்போடாதீங்க.”

29 ஆகஸ்ட்

மதுரை. பிரியாவின் இதயச் சுவர் பதினாறு மில்லிமீட்டர்; பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. இருபத்து மூன்று வயது. டாக்டர் திரையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது இன்றைக்குச் சாபம்.

2 செப்டம்பர்

கல்யாணம் நின்றுவிட்டது. மாமா அம்மாவுக்குப் போன் செய்து சொன்னது ஒரே வாக்கியம்: “சாமி குத்தமான வீட்டுல சம்பந்தம் வேண்டாம்.” பிரியா கல்யாணப் புடவையை மடித்துப் பீரோவில் வைத்தாள். அழுதிருந்தால் தேவலை.

7 செப்டம்பர், ஞாயிறு

ரத்த முடிவு வந்தது. அண்ணனுக்கு இருந்த மாற்றம் அம்மாவுக்கு இருக்கிறது. பிரியாவுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

அண்ணன் எக்கோ, பிரியா எக்கோ இரண்டையும் சேர்த்தும் ரிப்போர்ட்டில் இன்னும் ‘உறுதியில்லை’தான். ஒரு குடும்பம் போதாதாம். இன்னும் எங்களைப் போன்றவர்கள் வேண்டும். டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அண்ணனோடு சேர்த்து ஆறு சாவு, இந்தத் தடிப்பு — இதுவே போதும், இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்கிற கருவியைப் பிரியாவின் நெஞ்சில் வைத்துவிடலாம் என்கிறார்.

பிரியா முடிவைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “ஒனக்கு மட்டும் எப்படிண்ணே இல்லாமப் போச்சு?”

அம்மாவிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இனி:

1. நாளை மதுரை. பிரியாவுக்குக் கருவி வைக்க நாள் வாங்க வேண்டும்.

2. அம்மாவுக்கும் எக்கோ. “நான் இருந்து என்ன செய்யப் போறேன்” என்பாள். கையைப் பிடித்து வண்டியில் ஏற்ற வேண்டும்.

3. இசக்கித்துரையைத் தனியாகப் பிடித்து எக்கோவுக்குக் கூப்பிட வேண்டும். மாமா விரட்டினால் மறுவாரமும் போக வேண்டும்.

4. பிரியா திரும்ப அதையே கேட்டால் விளக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.