வெட்டிய பக்கம் முளைக்கவில்லை

என் செல்லத் தம்பி யூசுபுக்கு,

களைப்பாக இருக்கிறது. ஃபெர்ரியில் அக்கரை போய் ஸ்கேன் எடுத்துவிட்டு, இப்போதுதான் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் நம் கடைக்குத் திரும்பினேன். உனக்கு அறுத்துக் கொடுத்தது போக மிச்சமிருந்த என் ஈரல் பழைய எடைக்கு வந்துவிட்டதாம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீயே போய்விட்டாய், அது வளர என்ன அவசரம்?

சென்னையில் உனக்கு வைத்த துண்டும் வளரத் தொடங்கியிருந்தது என்றார்கள். அதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

இந்தத் தீவுக்குக் கப்பல் தள்ளிப்போகும் என்று எதையும் இரண்டு பங்கு வாங்கி அடுக்குகிறவர்கள் நாம். "கப்பலை நம்பிக் கடை நடத்த முடியுமா ராத்தா?" என்று நீதானே சொல்வாய். அந்தப் புத்தியோடு டாக்டரிடம் கேட்டேன், இது வளர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது என்று.

அந்த டாக்டர் பெண் சிரித்துவிட்டார். "செல்லுக்குள்ள இருக்குற ஜீனுங்க பாத்துக்கும் தீதி. இடம் காலியா இருந்தா வளர விடும். நெருக்கம் வந்ததும் 'பஸ், போதும்'னு நிறுத்திடும். குட்டி வளரும்போது எலிக்கு எலி அளவு, மாட்டுக்கு மாட்டு அளவுன்னு ஈரலை நிறுத்துறதும் இந்த மாதிரி ஜீனுங்கதான்."

எனக்கு அந்த நிதானம் இல்லை. நீ மட்டும் தின்னும் உப்பு பிஸ்கட்டை இந்தக் கப்பலிலும் இரண்டு பெட்டி வரவழைத்தேன். வேறு யாரும் அதை வாங்குவதில்லை. போதும் என்று எனக்கு யார் சொல்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, வெட்டிய இடம் நிரம்பிவிட்டதா என்று கேட்டேன். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இல்ல தீதி, வெட்டுன பக்கம் திரும்ப முளைக்காது. மிச்சம் இருந்த பக்கம்தான் பெருசாகி மொத்த வேலையும் பாக்குது."

அங்கேயே அழுதுவிட்டேன், தம்பி.

உன் மனைவி ஜமீலா சேதி தெரியுமா? கடை வாசலுக்கு வரவே கூச்சப்பட்டவள், இப்போது ஹேடோ துறைமுகத்தில் நின்று சரக்கு இறக்குகிறாள். "பையா, ஜல்தி கரோ, ஃபெர்ரி போயிடும்!" என்று கூலியாட்களை விரட்டுகிறாள். நீ கேட்டால் நம்பியிருக்க மாட்டாய்.

இனி உன் பிஸ்கட்டை வரவழைக்க மாட்டேன். இருப்பதை நானும் ஜமீலாவும் தின்று தீர்க்கிறோம். உன் வேலையையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். உன் இடத்தில் மட்டும் எதையும் முளைக்க விட மாட்டேன்.

உன் ஒரே ராத்தா,
மைமூன்