தினமும் ஒரு பிங்

மார்ச் 3

அன்புள்ள கேபிள்,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நீ ஆபீஸை விட்டுப் போன இந்த ஏழு மாதமாக, பல் தேய்ப்பதற்கு முன்பே உன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, இருக்கிறாயா என்று கேட்கும் ஒரு பிங் அனுப்பிப் பார்க்கிறேன். நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காது கொடுக்குமே, அந்தச் சத்தம்தான் பிங் ஆனது என்று நீதானே சொன்னாய்? உடனே பதில் வந்துவிடுகிறது. நீ வாய் திறக்காவிட்டால் என்ன, உன் கம்ப்யூட்டர் என்மேல் பாசமாகத்தான் இருக்கிறது!

புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த மாதிரிக் கம்ப்யூட்டர் சொற்களின் பூர்வீகத்தைக் கையேடாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பின்னணியில் ஓயாமல் உழைக்கும் புரோகிராமுக்கு, ஒரு விஞ்ஞானி கற்பனை செய்த பூதத்தை வைத்து டீமன் என்று பேர் வந்தது. டிஸ்கைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்தால் அது ஸ்னீக்கர்நெட், ஸ்னீக்கர் என்கிற கான்வாஸ் ஷூ புண்ணியம். எல்லாம் நீ டீக்கடையில் சொன்னவை. உன் பேரைப் போட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார், போடவில்லை. அந்தக் கெட்டில் விவகாரத்தை மறந்துவிடுடா. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
அளப்பான்

மார்ச் 9

அளப்பானுக்கு,

கையேட்டில் என் பேர் வேண்டாம். மேனேஜருக்கு இரண்டே வரி எழுது: "அன்று நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகியது நான். நெட்வொர்க் படுத்ததற்கு அவன் காரணமில்லை."

வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் நம் ஆபீஸில் விசாரிக்கிறார்கள். 'கவனக்குறைவுக்காக நீக்கப்பட்டவர்' என்று பதில் போகிறது. மூன்று இடம் கைநழுவிவிட்டது. நாலாவது இடத்தில் இருபதாம் தேதி முடிவு செய்கிறார்கள். அதற்குள் எழுது.

கேபிள்

மார்ச் 22

அன்புள்ள கேபிள்,

எழுத உட்கார்ந்தேன்டா, சத்தியமாக. மேனேஜர் நல்ல மூடில் இருக்கும்போது நேரிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். கையேடு அச்சுக்குப் போகிற அமளியில் இருபதாம் தேதி ஓடியே போய்விட்டது.

கையேடு பிரமாதம்! ஹேண்ட்ஷேக் பக்கத்தைப் படித்து மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். பேச்சைத் தொடங்குமுன் இரண்டு கம்ப்யூட்டரும் "இருக்கியா?", "இருக்கேன், நீ?", "நானும் இருக்கேன்" என்று கைகுலுக்கிக்கொள்ளும் கதை. சிரித்த முகத்தில் கெட்டிலைப் போட்டு உடைக்க மனசு வரவில்லை.

அடுத்த மாதம் கட்டாயம் சொல்கிறேன். இன்று காலையும் உன் கம்ப்யூட்டர் பதில் தந்தது. நிஜமாகவே கோபமென்றால் அதை அணைத்துப் போட்டிருக்க மாட்டாயா?

உன்
அளப்பான்

மார்ச் 27

அண்ணனுக்கு,

என் வீட்டுக்காரர் எழுத மாட்டேன் என்றுவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன். நாலாவது வேலையும் கிடைக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் வேலை போன அடுத்த மாதமே விற்றுவிட்டோம். உங்களுக்குத் தினமும் பதில் சொல்வது சுவரில் மாட்டியிருக்கிற இன்டர்நெட் பெட்டி. அது யார் கூப்பிட்டாலும் சொல்லுமாம்.